தவளைக்குப் பூச்சி பிடித்த மழைக்காலம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை சென்னையை ஊறப்போட்டுக்கொண்டிருந்த நேரம். அடையாறில் ஒரு உள்தெருவில், இரண்டாவது மாடி வீட்டில் நானும் என் கணவரும் இரண்டு தவளைகளும் இருந்தோம். தவளை என்றதும் மழைக்கு ஒதுங்கி வீட்டுக்குள் வந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கிற வெளிநாட்டுத் தவளைகள். கண்ணுக்கு மேலே குட்டிக் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளங்கை அகலத்துக்கு, உப்பிய பூரி போல அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஒன்றை ஒன்று விழுங்கிவிடும் என்பதால் ஆளுக்கொரு தொட்டி.

எல்லாம் என் கணவர் செய்த வேலை. எங்கள் மகள் படிப்பதற்காகப் புனேவுக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நான் மட்டும் வீட்டுக்கு வர, அவர் மட்டும் எங்கோ போய்விட்டு இரண்டு டப்பாக்களோடு வந்து நின்றார். நாய், பூனை, கிளி என்று எத்தனையோ இருக்க, மனிதருக்குத் தவளைதான் கிடைத்ததா என்று எனக்கு ஆத்திரம். "இது குரைக்காது, உன் சோபாவைக் கீறாது, ஸ்கூல் கரெக்‌ஷன் பேப்பரைத் தின்னாது" என்று சிரித்தார். பெரியதுக்குப் 'பெரியவர்', சின்னதுக்குச் 'சின்னவர்' என்று பெயர் வைத்து மரியாதையாகப் பேசுவார். "பெரியவருக்கு இன்னிக்குப் பசி இல்லையாம்" என்பார். நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

அவர் நந்தனத்தில் ஒரு அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடுகிற வேலையில் இருந்தார். ஓயாமல் பேசுவார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் மாமியார் வீடு வரை விசாரித்துவிட்டுத்தான் இறங்குவார். அப்படிப்பட்டவருக்கு அந்த ஆவணியில் பக்கவாதம் வந்துவிட்டது. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். உயிர் பிழைத்தார். வலது கை, கால் கொஞ்சம் கொஞ்சமாக அசையத் தொடங்கின. பேச்சு மட்டும் வரவில்லை. புரிகிறது, ஆனால் சொல்லத் தெரியவில்லை. "அது... அது..." என்பார். சில நாள் "ஆமா" வரும். வேண்டாம் என்பதற்கும் "ஆமா"தான் வரும். அதைக் கேட்டு அவருக்கே கண் கலங்கும்.

நான் மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் டீச்சர். வேலையை விட முடியாது. பகலில் ஒரு அக்கா வந்து அவரைப் பார்த்துக்கொள்வார். நான் சாயங்காலம் வந்ததும் கிளம்பிவிடுவார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து என் கணவர் ஜன்னலைப் பார்க்கமாட்டார், டி.வி. பார்க்கமாட்டார். சர்ச் பங்கிலிருந்து ஜெபம் சொல்ல வந்தவர்களைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொள்வார். தவளைத் தொட்டிகளைத் தூக்கி அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தபோதுதான் கண் திறந்து பார்த்தார். அன்றிலிருந்து நாள் முழுக்க அந்தத் தவளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆகவே தவளைக்குச் சாப்பாடு போடுகிற வேலை எனக்கு வந்தது. அவை உயிரோடு அசைகிற பூச்சியைத்தான் தின்னும். பாலவாக்கத்தில் ஒரு தம்பி, சுவர்க்கோழிப் பூச்சிகளைப் பெட்டி பெட்டியாக வீட்டிலேயே வளர்த்துப் பைக்கில் கொண்டுவந்து கொடுப்பார். நான் இடுக்கியால் ஒன்றைப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு தொட்டிக்குள் நீட்டுவேன். 'பொளக்' என்று ஒரு சத்தம் கேட்கும். திரும்பிப் பார்த்தால் பூச்சி இருக்காது. என் கணவரின் வாய் ஒரு பக்கமாக லேசாகக் கோணும். அதுதான் அப்போது அவருடைய சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காக நான் கருந்தேளைக்கூடப் பிடித்திருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் மழை வலுத்தது. ஒருநாள் அந்தத் தம்பிக்குப் போன் செய்தால், அழாத குறையாகப் பேசினார்.

"அக்கா, வூட்டுக்குள்ள முட்டி வரைக்கும் தண்ணி கீதுக்கா. பெட்டி அல்லாம் முயிகிப்போச்சு. ஒரு பூச்சிகூட மிஞ்சல. கொஞ்ச நாள் எப்டியாவது சமாளிச்சுக்கோக்கா."

கடைகளில் விசாரித்தேன். எல்லோருக்கும் பூச்சி அவரைப் போன்றவர்களிடமிருந்துதான் வருகிறதாம். கோழித் துண்டு, மீன் துண்டு எல்லாம் ஆட்டிப் பார்த்தேன். பெரியவர் என்னை ஒரு ஜந்துவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். சின்னவர் கண்ணை மூடிக்கொண்டார். சாப்பிடாத தவளைகளைப் பார்த்துப் பார்த்து என் கணவரும் சாப்பாட்டைத் தள்ளிவிட ஆரம்பித்தார். தவளை செத்தால் இவர் என்ன ஆவார் என்ற பயம் எனக்குள் புகுந்துவிட்டது.

எங்கள் தெருமுனையில் பழைய வீட்டை இடித்துவிட்டு அப்படியே போட்டிருந்த மனை ஒன்று உண்டு. மழைக்குப் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. பள்ளி விட்டு வரும்போது அதில் வெட்டுக்கிளி தாவியதைப் பார்த்தேன். வீட்டுக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக்கொண்டு, அந்த அக்காவை இன்னும் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். மழை விட்டிருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புல்லுக்குள் குனிந்தேன். நான் கையைக் கொண்டுபோவேன், அது தாவிவிடும். மறுபடி கொண்டுபோவேன், மறுபடி தாவிவிடும். நாற்பத்தெட்டு வயதில் இதெல்லாம் எனக்கு எதற்கு என்று அழுகையே வந்துவிட்டது.

அப்போது வேலை முடிந்து ஆற்றோரக் குடியிருப்புப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் நின்றார். முன்பின் தெரியாதவர்.

"இன்னாக்கா தேடிக்கினு கீற? கம்மலா?"

நான் வெட்கத்தில் "இல்ல... சும்மா..." என்று இழுத்தேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. கையிலிருந்த பையைச் சுவர் மேல் வைத்துவிட்டு, "பயப்படாதக்கா, எங்க போய்டும்? தேடுனா கெடைக்கும்" என்று புல்லை விலக்க ஆரம்பித்துவிட்டார். அந்த வழியாக வந்த ஒரு ஆட்டோக்காரரையும் கைதட்டி நிறுத்தினார். "நைனா, அக்காவோட கம்மல் வுழுந்துட்சு, உன் போன் லைட்ட கொஞ்சம் அடி." அவரும் மறுபேச்சில்லாமல் இறங்கி, சேற்றில் செருப்போடு வந்து லைட் அடித்தார். எந்தப் பக்கம் விழுந்தது, கல் வைத்ததா, திருகு தனியாக விழுந்ததா என்று கேள்வி மேல் கேள்வி. இதற்கு மேல் தாங்காது என்று வாயைத் திறந்தேன்.

"கம்மல் இல்லீங்க. வெட்டுக்கிளி."

இரண்டு பேரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"வெட்டுக்கிளியா? இன்னாத்துக்கு?"

"தவளைக்கு."

அந்தப் பெண் ஆட்டோக்காரரைப் பார்த்தார். ஆட்டோக்காரர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். நல்ல புடவை கட்டி, கழுத்தில் ஜெபமாலை போட்ட ஒரு அம்மாவுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று இருவர் முகத்திலும் தெரிந்தது. நான் அவசர அவசரமாக எல்லாவற்றையும் சொன்னேன். கணவர் விழுந்தது, பேச்சு போனது, தவளையைப் பார்த்தால் மட்டும் சிரிப்பது, பாலவாக்கத்து வெள்ளம், எல்லாம். சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் உடைந்துவிட்டேன். சொந்தக்காரர்களிடம்கூட அப்படி அழுததில்லை.

ஆட்டோக்காரர் லைட்டை அணைத்துவிட்டார். அந்தப் பெண் முந்தானையை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகினார்.

"அயுவாதக்கா. இது இன்னா பெரிய விசயம்? டப்பாவ தொறந்து வெச்சுக்கோ. நைனா, நீ அந்தாண்ட போய் புல்ல தட்டு, இந்தாண்ட தாவும், நான் அமுக்கிக்கிறேன்."

அதன்பிறகு அங்கே நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆட்டோக்காரர் ஒரு குச்சியால் புல்லை விரட்டுவார். வெட்டுக்கிளி பறக்கும். அந்தப் பெண் முந்தானையை விரித்து லபக்கென்று மூடுவார். "புட்ச்சுட்டேன், புட்ச்சுட்டேன், டப்பா எங்க?" என்று கத்துவார். நான் டப்பாவோடு ஓடுவேன். பஸ்ஸுக்குப் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். கடைசியில் டப்பாவுக்குள் ஒரு கூட்டமே குதித்துக்கொண்டிருந்தது. மூன்று பேருக்கும் கணுக்கால் வரை சேறு. நான் பல வாரங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். ஆட்டோக்காரர் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டார். அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு, "நல்லா பேசுவாருக்கா, பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அவர்கள் யாரென்று எனக்கு இன்றும் தெரியாது.

டப்பாவை என் கணவர் முன்னால் வைத்தேன். அதுவரை எதற்கும் கை நீட்டாதவர், இடது கையால் டப்பாவைத் தன் பக்கம் இழுத்தார். உள்ளே உற்றுப் பார்த்தார். பச்சை வெட்டுக்கிளியைக் காட்டினேன். தலையசைத்தார். மஞ்சளும் கறுப்புமாக ஒன்று பளபளவென்று இருந்தது. அதைக் காட்டியதும் முகத்தைச் சுளித்து, எறி என்பதுபோல விரலை ஜன்னல் பக்கம் ஆட்டினார். முடி முடியாக ஒரு புழு எப்படியோ டப்பாவுக்குள் வந்திருந்தது. அதற்கும் அதே விரலாட்டல். கண்ணைப் பறிக்கிற நிறத்தில் இருப்பவை விஷமாக இருக்கலாம் என்று அவருக்குத் தெரியும்போல. வளர்த்த பூச்சியைத் தவிர வெளியில் பிடித்தது எதையும் அவர் இத்தனை வருடம் வீட்டுக்குள் விட்டதில்லை. ஏன் என்று நான் கேட்டுக்கொண்டதும் இல்லை. அன்று அவர் ஒப்புக்கொண்டதை மட்டும் போட்டேன். பெரியவர் 'பொளக்'. சின்னவர் 'பொளக்'. அன்று என் கணவரும் இரண்டு கரண்டி சோறு அதிகமாகச் சாப்பிட்டார்.

சில நாள் இப்படியே ஓடியது. பிறகு விடாமல் பெய்த மழையில் அந்த மனையே குளமாகிவிட்டது. புல்லையும் காணோம், வெட்டுக்கிளியையும் காணோம். மறுபடி தவளைகள் பட்டினி. மறுபடி இவர் முகம் தொங்கியது.

அப்படி ஒரு நாள், பள்ளியிலிருந்து நனைந்து வந்து மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். முதல் மாடித் திருப்பத்தில் கொழுத்த கரப்பான் பூச்சி ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. வழக்கமாகக் கரப்பானைப் பார்த்தால் நான்தான் ஓடுவேன். அன்று கையில் டிபன் பாக்ஸ் இருந்தது. மூடியை அப்படியே கவிழ்த்தேன். அது ஓடவே இல்லை. இவ்வளவு சுலபமாக ஒரு பூச்சி என்னிடம் மாட்டியதே இல்லை. ஆண்டவரே அனுப்பிவைத்தார் என்று நினைத்து, படியிலேயே சிலுவை போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உதவிக்கு இருந்த அக்கா, பஸ் போய்விடும் என்று குடையோடு கிளம்பிவிட்டார். என் கணவர் நாற்காலியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்ததும் பெரியவர் சாப்பிட்டதைக் காட்டலாம் என்று நினைத்தேன். பிறகு, அவர் பார்க்கும்போது போட்டால்தானே அந்தச் சிரிப்பு வரும் என்று தோன்றியது. இடுக்கியில் கரப்பானைப் பிடித்துக்கொண்டு, தொட்டியின் மூடியைத் திறந்துவைத்து, "என்னங்க, எழுந்திரிங்க, பெரியவருக்கு விருந்து வந்திருக்கு பாருங்க" என்று அவர் தோளைத் தொட்டேன்.

கண் திறந்தார். இடுக்கியைப் பார்த்தார். கரப்பானைப் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார். திடீரென்று அவர் முகம் மாறியது.

"சோப்பு!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாதக்கணக்கில் 'அது'வும் 'ஆமா'வும் தவிர வேறு ஒரு சொல் அந்த வாயிலிருந்து வந்ததில்லை. சந்தோஷத்தில் எனக்குக் கை கால் ஓடவில்லை. "சோப்புங்களா? கை கழுவணுமா? இதோ, இதைப் போட்டுட்டுக் கழுவிக்கிறேங்க" என்றேன்.

"சோப்பு! சோப்பு!" தலையை வேகமாக ஆட்டினார். இடது கையால் நாற்காலிப் பிடியை அடித்தார். கீழே தொட்டியில் பெரியவர் அசைவைப் பார்த்துவிட்டு என் இடுக்கிப் பக்கம் மெல்லத் திரும்பி, தயாராகிக்கொண்டிருந்தார். பாவம், எத்தனை நாள் பசி. "ஒரே நிமிஷங்க" என்று கையை இறக்கினேன்.

என் கணவர் எழுந்துவிட்டார். பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல், தானாக. வலது கால் தாங்காமல் முன்னால் சரிந்து, தொட்டி வைத்திருந்த மேஜை மேல் விழுந்தார். விழுந்தவர் இடது உள்ளங்கையை விரித்துத் தொட்டியின் திறந்த வாயை அப்படியே மூடினார். பசியில் இருந்த பெரியவர் எம்பி அந்தக் கையையே கவ்விவிட்டார். அவர் கையை எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, மூச்சு வாங்க, ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"சோப்பு... செத்து... படி... சோப்பு."

அப்போதுதான் நான் நின்றேன். அவர் கண்ணைப் பார்த்தேன். கை கழுவச் சொல்கிறவரின் கண் இல்லை அது. சாலையில் குழந்தை ஓடும்போது கத்துகிறவரின் கண். இடுக்கியைப் பின்னால் இழுத்துப் பூச்சியை டிபன் பாக்ஸுக்குள் போட்டேன். அது மல்லாந்து விழுந்தது. புரண்டு எழக்கூட முடியாமல் கால்கள் மட்டும் நடுங்கின. குனிந்து மோந்தேன். மருந்து நெடி.

அவரைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, அபார்ட்மென்ட் செயலாளருக்குப் போன் செய்தேன்.

"ஆமா மேடம், காலைல கரப்பானுக்கு மருந்து அடிக்க ஆள் வந்தாங்களே. மாடிப்படி, பைப் சந்து எல்லாம் அடிச்சாச்சு. உங்க வீட்டுக் கதவைக்கூடத் தட்டினாங்க. உங்க சார் வாசல்கிட்டதான் உட்கார்ந்திருந்தாராம்."

எல்லாம் விளங்கியது. காலையில் அவர் அந்த நெடியை மோந்திருக்கிறார். மருந்து அடித்ததைப் பார்த்திருக்கிறார். 'மருந்து' என்ற சொல்லைத் தேடியிருக்கிறார், அது கிடைக்காமல் 'சோப்பு' கையில் சிக்கியிருக்கிறது. படியில் செத்துக்கொண்டிருந்த பூச்சியை நான் எடுத்து வந்திருக்கிறேன். அது ஏன் ஓடவில்லை என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. அவருக்குப் பார்த்ததும் தோன்றிவிட்டது.

அவர் உள்ளங்கையில் பெரியவரின் பல் பட்டு லேசாக ரத்தம் கசிந்தது. தண்ணீரில் கழுவித் துடைத்துக்கொண்டே நான் சொன்னேன். "மருந்துங்க. நீங்க சொன்னது மருந்து. எனக்குப் புரிஞ்சுடுச்சு." அவர் என்னையே பார்த்தார். பிறகு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குழந்தை போல அழுதார். நானும் அழுதேன். கரப்பானைப் பார்த்தபடி பெரியவர் மட்டும் ஏமாற்றத்தோடு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மகள் எங்கோ தேடி, இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கிற ஒரு மருத்துவரின் நம்பரைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். நடந்ததைச் சொன்னேன். "வளர்ந்த தவளை ரெண்டு மூணு வாரம்கூடச் சாப்பிடாம இருக்கும்மா, ஒண்ணும் ஆகாது. வீட்டுப் பக்கம் பிடிக்கிற பூச்சியைத் தயவுசெஞ்சு கொடுக்காதீங்க. உங்க சார் தடுத்தது நல்லதாப் போச்சு" என்றார். நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். சேற்றில் இறங்கி, ஊரைக் கூட்டி நான் அடித்த கூத்து எதற்குமே அவசியம் இருக்கவில்லை! அதை என் கணவரிடம் சொன்னபோது அவர் தோள் குலுங்கச் சிரித்தார். அவருக்கு அது முன்பே தெரிந்திருக்குமோ என்னவோ. தெரிந்திருந்தாலும் சொல்ல வழி இல்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணிடம் 'சோப்பு' கதையைச் சொன்னேன். அவர் எழுந்து என் கணவரிடம் போய்க் கைகொடுத்தார். "சார், வார்த்தை தப்பா வந்தாலும் பரவாயில்ல, வரட்டும். மேடம் பார்த்துப்பாங்க" என்றார். என்னிடம், உடனே திருத்தாமல், அவர் முடிக்கிறதற்கு முன்னால் நானே முடிக்காமல், காத்திருக்கச் சொன்னார். டீச்சருக்கு அதுதான் உலகத்திலேயே கஷ்டமான பாடம். பாலவாக்கத்துத் தம்பி வீட்டில் தண்ணீர் வடிந்து, புதுப் பூச்சிகள் வந்தபிறகு, தவளைக்குச் சாப்பாடு போடும் நேரமே எங்கள் பயிற்சி நேரம் ஆனது. இடுக்கி என் கையில், உத்தரவு அவர் வாயில். பூச்சியைக் காட்டி இது என்ன என்பேன். ஒருநாள் 'ரயில்' என்பார், ஒருநாள் 'பொங்கல்' என்பார். மார்கழியில் ஒருநாள், "பூச்சி... போடு" என்றார். கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த மகள் அந்த 'போடு'வைக் கேட்டுக் கூடத்திலேயே குதித்தாள்.

இப்போது அவர் நிறையவே பேசுகிறார். பழைய வேகம் இல்லை. நடுநடுவே சொல் வழுக்கும். கோபம் வந்தால் தவறான சொல் முதலில் வரும். நாங்கள் மூவருமே அதற்குப் பழகிவிட்டோம். தவளைகள் இரண்டும் நலம். பெரியவர் இன்னும் கொஞ்சம் பருத்துவிட்டார்.

ஆனால் அந்தச் சாயங்காலம் மட்டும் அடிக்கடி என் முன்னால் வந்து நிற்கும். அவர் கையை விலக்கிவிட்டு, 'சோப்புதானே, அப்புறம் தர்றேன்' என்று நான் அந்தப் பூச்சியை உள்ளே போட்டிருந்தால் போயிருப்பது ஒரு தவளை மட்டுமில்லை, இந்த வீட்டில் தன் பேச்சுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது என்று அவர் நம்ப ஆரம்பித்த அந்த நொடியும்தான்.